நஞ்சப்பன் விரும்பிக் கேட்டது

வீட்டு ரேடியோ டிரான்ஸ்மிட்டரின் வயரைக் காலையில் ஜலஜாவே கத்தரிக்கோலால் நறுக்கிப் போட்டிருந்தாள். இருந்தும் மாலை நாலே முக்காலுக்கு, கார் ரேடியோவின் 87.9-இல், அவள் கணவன் பத்மநாபனின் குரல் பேசிக்கொண்டிருந்தது.

நவம்பர் மழை. ரூட் 18-இல் அதற்குள் இருட்டிவிட்டது. வைப்பர் தேய்க்கும் சத்தத்துக்கும், ஹீட்டர் காற்றில் கிளம்பும் ஈரக் கம்பளி வாடைக்கும், முன்னால் ஊரும் வண்டிகளின் சிவப்பு விளக்குகள் கண்ணாடியில் கரைந்து வழிவதற்கும் நடுவே, அந்தக் குரல் நிதானமாக நேயர் விருப்பம் வாசித்தது. பின்சீட்டில் ஆறு வயது விஷாகா பிஸ்கட் கொறித்துக்கொண்டிருந்தாள்.

ஜலஜாவுக்கு உச்சந்தலை வரை கோபம் ஏறியது. லைசென்ஸ் இல்லாமல் வீட்டுக் கூரைக்கடியில் இருக்கும் அட்டிக்கிலிருந்து ரேடியோ நடத்துவது நியூ ஜெர்சியில் குற்றம். கிரீன் கார்டு இன்னும் கைக்கு வரவில்லை. சொன்னால், அந்தக் காலத்தில் கரைக்கு அப்பால் கப்பலை நிறுத்தி அதிலிருந்து திருட்டு ரேடியோ நடத்தியவர்களின் கதையை ஆரம்பித்துவிடுவான். "அவங்க நடுக்கடல்ல நின்னாங்க. நீங்க என் தலைமேல நிக்கிறீங்க" என்று நேற்றுகூடக் கத்தினாள்.

ஒலி இரண்டு மைல் தாண்டாத அந்த ஸ்டேஷனை ஒருவரும் கூப்பிட்டுப் பாட்டுக் கேட்டதில்லை. பெயர்களை அவனே இட்டுக்கட்டினான். 'மில்டவுன் நஞ்சப்பன்' என்ற நேயர் அப்படிப் பிறந்தவர்தான். "நேயர்களை நானே பெத்துக்கிட்டேன்" என்று சிரிப்பான். பட்டியலின் கடைசியில், ஆசைக்கு, மகள் பெயரையும் வாசிப்பான். அதனால்தான் நேற்றுச் சண்டை முற்றியது. காலையில் கத்தரிக்கோல்.

போனை ஸ்பீக்கரில் போட்டு அவனைக் கூப்பிட்டாள்.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா? ஊருக்குத் துரத்திவிட்டாத்தான் அடங்குவீங்களா?"

"கத்தாத ஜலஜா. ஆபீஸ்ல மீட்டிங்ல இருக்கேன்."

"அப்ப ரேடியோல பேசறது யாரு, உங்க பாட்டனாரா?"

போனில் அவன் மௌனமானான். ரேடியோவில் தொடர்ந்து பேசினான்.

"அம்மா, தட்ஸ் நாட் அப்பா" என்றாள் விஷாகா.

"மில்டவுன் நேயர் நஞ்சப்பன் இன்று பாடல் எதுவும் கேட்கவில்லை" என்றது ரேடியோ. "விஷாகாவைக் கேட்டிருக்கிறார்."

ஜலஜா ரேடியோவை அணைத்தாள். அதன் விளக்கு அணைந்தது. குரல் அணையவில்லை.

"இரண்டாவது முறையாகக் கேட்கிறார்."

"ஜலஜா..." போனில் பத்மநாபன் இழுத்தான். "அப்படி ஒரு ஆளே கிடையாது. அது நான் உண்டாக்கின பேரு."

மூடிக்கிடந்த ஒரு மெத்தைக் கடையின் வாசலில் வண்டியைத் திருப்பி நிறுத்தினாள். பயத்தையும் மீறி வந்தது கோபம்தான். டாஷ்போர்டை ஓங்கி அறைந்தாள்.

"யாருடா நீ? என் குழந்தையக் கேக்க நீ யாருடா? தைரியம் இருந்தா நேர்ல வாடா!"

குரல் நின்றது.

மழை. வைப்பர். மழை.

பின்சீட்டில் ஒரு பெல்ட் க்ளிக் என்று மாட்டிக்கொண்டது.

விஷாகாவின் பெல்ட் அல்ல. பக்கத்துச் சீட்டின் பெல்ட்.

ஜலஜா பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தாள். காலிச் சீட்டின் மேல் அந்தப் பட்டை, அகலமான மார்பு ஒன்றைச் சுற்றியது போல் புடைத்து நின்றது. மெல்ல ஏறியது. இறங்கியது.

மூச்சு.

விஷாகா தன் ஸ்கூல் பையை நகர்த்தி இடம் விட்டாள். எந்தப் பெரியவர் வந்தாலும் முதலில் ஹாய் சொல்லவேண்டும் என்று பழக்கியது ஜலஜாதான்.

"ஹாய் அங்கிள்."

கைகுலுக்க நீட்டிய குழந்தையின் கை காற்றில் உயர்ந்தது. அங்கேயே நின்றது. பெரிய கை ஒன்றுக்குள் இறுகுவது போல், பிஞ்சு விரல்கள் ஒன்றோடொன்று நெருங்கின. நுனியிலிருந்து, ஒவ்வொன்றாக, வெளுத்தன.