கடலோடி சிலையின் முகம்

காலை 8.40. திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் ஓவியக் கண்காட்சி திறக்க இன்னும் இருபது நிமிடம். நடுச்சுவரில் ஆணி மட்டும் இருந்தது. அதில் மாட்டியிருந்த கரிப்படத்தைக் காணவில்லை.

சந்தியில் நிற்கும் கடலோடி சிலையின் படம் அது. காகங்களைத் தவிர ஊரில் வேறு யாரும் அந்தச் சிலையை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. உள்ளூர் ஓவியர் அஞ்சலினா வரைந்த பிறகுதான் மவுசு வந்தது. ஹோட்டல் முதலாளி இன்பாஸ் அந்தப் படம் தனக்கு வேண்டுமென்று நாலு நாளாக நச்சரித்துக்கொண்டிருந்தார்.

9.05. உப பொலிஸ் பரிசோதகர் கலீலுர் றஹ்மான் வந்தார். விடிந்ததிலிருந்து யாரும் வெளியே போகவில்லை என்று வாசல் காவலாளி அடித்துச் சொன்னார். உள்ளே இருந்தவர்கள் நால்வர்: இன்பாஸ், மண்டபப் பொறுப்பாளர் பேணாட், அஞ்சலினா, குசினியில் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டிருந்த அவளுடைய தாய் ஞானமலர்.

ஞானமலரை றஹ்மானுக்கு நன்றாகத் தெரியும். 2006 இல் சம்பூரை விட்டு இடம்பெயர்ந்தபோது அவளுடைய மூத்தவன் பிரதீபன் காணாமற்போனான். பத்தொன்பது வயது. பதினெட்டு வருடமாக அவள் பொலிசுக்கு நடக்கிறாள். மரணச் சான்றிதழ் என்று யாராவது வாயெடுத்தால் எழும்பிப் போய்விடுவாள். மகன் உயிரோடு இருக்கிறான் என்ற நம்பிக்கையைத் தவிர அவளிடம் ஒன்றுமில்லை. அவனுடைய புகைப்படம்கூட மிஞ்சவில்லை.

“படத்தைக் கடைசியாக் கண்டது ஆர்?”

“நான்தான் சேர்,” என்றார் பேணாட். “ஏழரைக்கு மாலை போட்டனான்.”

“படத்துக்கோ?”

“விழாவெண்டா சந்தியில சிலைக்குத்தான் போடுறது. இண்டைக்கு மழை. அதான் படத்துக்குப் போட்டு, போனில ஒரு போட்டோவும் எடுத்தனான். அஞ்சலினாவும் பக்கத்தில நிண்டவ.”

“இன்பாஸ், நீங்கள்?”

“எட்டுக்கு வந்தனான். கேட்டு வாங்க வந்தவன் ஏன் சேர் களவெடுக்கிறன்?”

மாலை யன்னல் கொளுக்கியில் தொங்கியது. றஹ்மான் திருப்பிப் பார்த்தார். கண்ணாடி போடாத கரிப்படம் அது. விரல் பட்டாலே அப்பிக்கொள்ளும். ஆனால் மல்லிகையில் கரி ஓரிரு புள்ளிதான் இருந்தது.

9.30. பேணாட்டின் போனை வாங்கிக்கொண்டு றஹ்மான் மழையில் சந்திக்குப் போனார். சிலையையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். திரும்பி வந்தபோது அவருடைய முகம் செத்துப்போயிருந்தது.

10.00. எல்லோரையும் குசினிக்குக் கூப்பிட்டார்.

“களவெடுக்க வந்தவன் மாலையை இழுத்து எறிஞ்சிருப்பான், இல்லாட்டி மாலையோட தூக்கியிருப்பான். இது ரெண்டு கையாலயும் உயர்த்திக் கழட்டினது, முகத்தில படாமல். படத்தை விட மாலைதான் அந்த ஆளுக்குப் பெரிசாப் பட்டிருக்கு.”

பேணாட்டின் போனை எல்லோருக்கும் தெரிய மேசையில் வைத்தார்.

“சந்திச் சிலைக்கு நீளத் தாடி. படத்தில தாடி இல்லை, புருவத்தில வெட்டுக்காயம். நாங்கள் ஒருத்தரும் சிலையை வடிவாப் பாக்காதபடியா வித்தியாசம் தெரியேல்லை. பிரதீபனைத் தேடச் சொல்லித் தந்த முறைப்பாட்டில அடையாளம் அந்தக் காயம்தான். அம்மா, படத்தைத் தாங்கோ.”

ஞானமலர் மறுக்கவில்லை. அலுமாரியைத் திறந்தாள். கோப்பைகளுக்குப் பின்னால், தோய்த்துக் காயவைத்த சேலையில் சுற்றியபடி படம் நின்றது.

“செத்தவையின்ர படத்துக்குத்தான் மாலை போடுறது சேர். என்ர பிள்ளைக்குப் போட்டிருக்கினம். கழட்டினா திரும்பப் போடுவினம். அதான் ஒளிச்சனான்.”

பேணாட் தடுமாறினார். “சத்தியமா சிலையெண்டுதான் நினைச்சனான் அக்கா.”

“உங்களில பிழையில்லை தம்பி.” அவள் மகளைப் பார்த்தாள். “தமையன்ர முகம் எண்டு தெரிஞ்சு வரைஞ்சது நீ. மாலை போடேக்க பக்கத்தில நிண்டதும் நீ. ஏன் பிள்ளை மறிக்கேல்லை?”

கவனிக்கவில்லை என்று ஒரு பொய் சொன்னால் போதும். தாய் நம்பியிருப்பாள். அண்ணா வருவான் என்று எத்தனையோ வருடமாகப் பொய் சொல்லிவந்தவள்தான் அஞ்சலினா. அன்றைக்கு அது வாயில் வரவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அரசாங்கம் சொல்லியும் ஊர் சொல்லியும் நம்பாததை ஞானமலர் அந்தக் குனிந்த தலையைப் பார்த்து நம்பினாள். கதிரையைப் பிடித்தபடி மெல்லத் தரையில் அமர்ந்தாள். பிறகு மார்பில் அடித்து, மகனுடைய பெயரைச் சொல்லி, செத்தவீட்டில் அழுவதுபோல் முதல்தடவையாக அழத் தொடங்கினாள்.