அயல்விளக்கு

"புயல் காப்பகத்துக்குப் புறப்பட்ட வீடுகள்: எதுவுமில்லை" என்றது ஒவ்வொரு வாசலிலும் எழுத்துகளாய் எரிந்த அயல்விளக்கு.

மாலைக்குள் புயல் கடலை ஊருக்குள் தள்ளும் என்று வானிலை நிலையம் முழங்கிவிட்டது. ஆயினும் முத்துமேட்டுக் குப்பத்தில் மூட்டை கட்டியவர் எவருமில்லை. எல்லாரும் விளக்கைப் பார்த்தபடி இருந்தனர்.

அந்த விளக்கைப் படைத்தவள் நாகம்மை. எதிர்வீட்டார் வாங்குவதையே இவ்வீட்டாரும் வாங்குவர் என்பது வணிகர் ஆராய்ந்து கண்ட உண்மை. அதைக்கொண்டு அவர்கள் சோப்பு விற்றார்கள், பற்பசை விற்றார்கள், பகட்டையும் விற்றார்கள். "மக்களை மயக்கக் கற்ற வித்தை, மக்களைக் காக்கக் கூடாதா?" என்று மேடைதோறும் கேட்டாள் நாகம்மை. கேட்டதைச் செய்தும் காட்டினாள். தெருவில் எத்தனை வீடுகள் தண்ணீரைக் காய்ச்சின, எத்தனை வீடுகள் தடுப்பூசி போட்டன என்று விளக்கு அறிவித்தது. மற்ற வீடுகளும் தொடர்ந்தன. நோய் ஊரைவிட்டு ஓடியது. வணிகரைப்போல விளக்கு பொய் சொல்லலாகாது என்பதே அவள் வகுத்த ஒரே விதி.

இன்று அந்த உண்மையே ஊரைக் கட்டிப்போட்டிருந்தது.

"அக்கா, பாதி வீடு கிளம்பியாச்சுன்னு மாத்திரட்டுமா? ஊரே ஓடிவந்துரும்!" என்று தொலைபேசியில் பதறினான் உதவியாளன் ஜெயசீலன்.

"வேணாம் தம்பி. அப்புறம் எந்த உண்மையை நம்புவாங்க?"

எதிர்வாசலில் மீன் ஏலம் விடும் சிங்காரவேலு, கைக்குழந்தையான பேத்தியை மடியில் வைத்து அமர்ந்திருந்தார்.

"அண்ணே, புள்ளையத் தூக்கிக்கிட்டுக் கிளம்புங்க!" என்றாள் நாகம்மை.

"ஒருத்தனும் கிளம்பலியேம்மா. நான் மட்டும் ஓடுனா, நாளைக்கு ஏலத்துல மீனை விட்டுட்டு என்னையில்ல கூறு போடுவானுங்க!" என்றவர், அவள் வீட்டை எட்டிப் பார்த்தார். "அது சரி, ஒன் மூட்டை எங்க?"

நாகம்மைக்குச் சுருக்கென்றது. காலை முதல் ஊரைக் கிளப்ப முனைந்தவள், கொடியில் கிடந்த தன் சேலையைக்கூட எடுக்கவில்லை. அவளும் விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்!

சேலையைச் சுருட்டிக்கொண்டு கதவைப் பூட்டினாள். பூட்டை உணர்ந்த விளக்குகள் மாறின: "ஒரு வீடு."

"யாருடா அந்தப் பயந்தாங்கொள்ளி?" என்று ஒரு சன்னல் சிரித்தது.

"வெளக்கு செஞ்சவளே போறாடா!" என்று எழுந்தார் சிங்காரவேலு. பேத்தி தோளுக்கு ஏறினாள். இரண்டு வீடுகள், ஏழு வீடுகள். பிறகு தெருவே நடந்தது.

காப்பக வாசலில் மழை சாய்ந்தடித்தது. கதவு திறந்தே இருந்தும் கூட்டம் நின்றது. நிலைக்கு மேலே இன்னொரு அயல்விளக்கு: "உள்ளே நுழைந்தோர்: எவருமில்லை."

கூட்டத்துக்கு முன்னால், அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தாள் நாகம்மை.

"நீயே ஏம்மா நிக்கிற?" என்றார் சிங்காரவேலு.

எழுத்தறியாத அந்தப் பேத்தி மட்டும் மழை பொறுக்காமல் வீறிட்டாள். நாகம்மை அவளை வாங்கி மார்போடணைத்து, தலை குனிந்து வாசலைத் தாண்டினாள்.

"இருவர்" என்றது விளக்கு. அதன் பிறகே ஊர் காலெடுத்து வைத்தது.