பத்துக்குப் பத்து போட்ட சுவர்

தரகர் பூட்டைத் திறந்து முடிப்பதற்குள் மருமகள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டாள்.

"பதினாலு நிமிஷம்," என்றாள்.

பள்ளிக்கூட வாசலிலிருந்து இந்த வீட்டு வாசல் வரை ஏழு வயது மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, குழந்தையின் நடைக்கே நடந்து வந்திருந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். எதையும் அளக்காமல் நம்பமாட்டாள். நடந்து வரும் தூரத்தில் குடியிருக்கும் பிள்ளைகளுக்கு மட்டுமே அந்தப் பள்ளிக்கூடத்தில் இடம். எட்டு மாதமாக அந்த வட்டத்துக்குள்ளேயே வீடு தேடிக்கொண்டிருந்தார்கள்.

"இது பதினேழாவது வீடுப்பா," என்றான் மகன். லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை அவனுக்கு. விடுமுறை கிடைத்த நாளெல்லாம் வீடு பார்ப்பதிலேயே போயிற்று. "முதல் வீட்டுக்கு வந்தப்ப இவர் என்னை சார்னு கூப்பிட்டார். அப்புறம் தம்பி. இப்ப மாப்பிள்ளை. இன்னும் ரெண்டு வீடு பார்த்தா பொண்ணையே கொடுத்துடுவார்."

"கொடுத்திருப்பேன். உங்க வீட்டம்மா கையில இருக்கிற அந்தத் தாளைப் பார்த்தாத்தான் பயமா இருக்கு," என்றார் தரகர்.

அந்தத் தாளில் மூன்று கட்டங்கள். பள்ளிக்கூடம், இடம், வீட்டின் நிலை. ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். முதல் இரண்டையும் மருமகள் போடுவாள். மூன்றாவது அவளுடைய மாமனாரான பெரியவருடையது. நாற்பது வருடம் கட்டட மேற்பார்வையில் இருந்தவர் அவர். அவருடைய தகப்பனாரும் அதே தொழிலில் பேர் வாங்கியவர். பெரியவர் ஒரு சுவரைப் பார்த்து நல்லது என்று சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. பதினாறு வீடுகளுக்கும் அவர் ஐந்துக்கு மேல் போட்டதில்லை.

உள்ளே நுழைந்தார். நீண்ட கூடம். பின்மதிய வெயில் ஜன்னல் வழியாகச் சாய்வாக விழுந்து சுவர் முழுவதும் படர்ந்திருந்தது. பெயிண்ட் எத்தனை தடவை மாறியிருந்தாலும் சாய்ந்த வெளிச்சத்தில் பூச்சு தன் கதையைச் சொல்லிவிடும். கரணை இழுத்த வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. அழகான வேலை. ஆனால் எல்லா வளைவும் மறுபக்கம் சாய்ந்திருந்தது.

இடது கையால் பூசிய சுவர்.

அந்தக் கையைப் பெரியவருக்குத் தெரியும்.

நாற்பது வருடத்துக்கு முன்னால் இங்கே பள்ளிக்கூடம் இல்லை, தெரு இல்லை. வெட்டவெளியில் ஒற்றை வீடு எழும்பிக்கொண்டிருந்தது. அவருக்கு இருபத்தாறு வயது. அந்த வேலையில் ஒரு பூச்சுக்காரன் இருந்தான்; எல்லாரும் அவனை இடக்கையன் என்றுதான் கூப்பிட்டார்கள். ஒருநாள் மாடிப்படியைப் பார்த்துவிட்டு, ஆட்கள் எல்லார் முன்னாலும் சிரித்தான். "படி சாயுது சார். தூக்குநூல் பிடிக்கத் தெரியாதவங்கல்லாம் மேற்பார்வைக்கு வந்தா இப்படித்தான். உங்க அப்பா பேரைக் கெடுக்கன்னே பிறந்தீங்களா?"

அன்று சாயங்காலம், ஆட்கள் போன பிறகு, சுத்தியல் ஒரே தடவைதான் இறங்கியது.

மாடிப்படிக்குக் கீழே ஒரு காலியிடம் இருந்தது. அதற்குள் அவனைத் தள்ளி, செங்கல் வைத்து அடைத்தார். நான்காவது வரிசை வைக்கும்போது உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது. அவர் கையை நிறுத்தவில்லை. கலவையை அள்ளி வைத்தார், செங்கல்லை அழுத்தினார், தட்டுவதை எண்ணினார். நாற்பத்தொன்று. அதற்குப் பிறகு தட்டவில்லை. இடக்கையன் ஊருக்குப் போய்விட்டான் என்று மறுநாள் சொன்னார். நம்பினார்கள்.

"இந்த மாடிப்படிச் சுவர் ஒண்ணுதான் கொஞ்சம் மேடு பள்ளமா இருக்கும்," என்று தரகர் தயங்கியபடி சொன்னார்.

மருமகள் விரலால் தடவிப் பார்த்தாள். "யாரோ கத்துக்குட்டி பூசின மாதிரி இருக்கு. இல்ல மாமா?"

அது பெரியவரே பூசியது.

"அது மட்டும்தான் குறைன்னா இடிச்சிட்டு வேற கட்டிக்கலாம். பள்ளிக்கூடத்துக்கு ஒன்பது, இடத்துக்கு எட்டு. நீங்க ஆறு போட்டாக்கூடப் போதும் மாமா, வாங்கிடலாம்."

"நாளைக்கு வேற ஒரு குடும்பம் பார்க்க வருது," என்றார் தரகர். "படிக்குக் கீழ உடைச்சு அலமாரி வைக்கணும்னு படத்தைப் பார்த்தே சொல்லிட்டாங்க."

பெரியவர் கூடத்தின் நடுவில் நிமிர்ந்து நின்றார். இந்த வீட்டை வேண்டாம் என்றால், யாரோ வாங்கி அந்தச் சுவரை உடைப்பார்கள். சுவரில் குறை என்றால், சொந்த மகனே உடைப்பான். அந்தச் சுவர் மூடியே இருக்க ஒரே வழிதான் இருந்தது.

தாளை வாங்கினார். மூன்றாவது கட்டத்தில் எழுதினார்.

பத்து.

"அப்பாவா இது!" மகன் வாய்விட்டுச் சிரித்தான். "வாழ்க்கையில முதல் தடவையா ஒரு வீட்டைப் பாராட்டியிருக்கார்."

"அந்தச் சுவர்ல ஆணிகூட அடிக்கக்கூடாது," என்றார் பெரியவர். "மாடிப்படியோட பாரம் அதுலதான் நிக்குது."

பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. குடிவந்த முதல் வாரமே மருமகள் அவளுடைய படிக்கும் மேஜையை மாடிப்படிச் சுவரை ஒட்டிப் போட்டாள். வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருந்தது. பெரியவர் மேஜையை இரண்டு முறை நகர்த்தினார். இரண்டு முறையும் அவள் திருப்பிப் போட்டாள்.

"ஏன் மாமா, அங்க இருந்தா என்ன?"

பெரியவர் நாற்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அது முதல் தினமும் சாயங்காலம் அவர் அங்கேதான். காவல் என்று அவர் மனதுக்குத் தெரியும், மற்றவர்களுக்குப் பாசம்.

பேத்தி கணக்கில் திடீரென்று முதல் ஆளாக வந்தாள். டீச்சர் நோட்டில் நட்சத்திரமாக ஒட்டி அனுப்பினார்.

"யாரு கண்ணு சொல்லித் தர்றாங்க?" என்று மகன் கேட்டான்.

"சுவர்."

எல்லாரும் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பேத்தி பென்சிலைக் கடித்தபடி சுவரைப் பார்த்து, "ஏழும் நாலும்?" என்றாள்.

சமையலறையில் தண்ணீர் ஓடும் சத்தம் நின்றது. ஈரச் சுண்ணாம்பின் வாசனை மெல்ல வந்தது. அன்றுதான் குழைத்தது போன்ற வாசனை.

பிறகு தட்டியது. மெதுவாக, நிதானமாக, விரல் முட்டியால்.

பதினொன்று.

பேத்தி எழுதிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கழுத்துப் பட்டன் வரை போட்டுக்கொண்டு, முதுகு வளையாமல், அதே நாற்காலியில் உட்கார்ந்தார். வியாழக்கிழமை பேத்தி பையைக்கூட இறக்கி வைக்காமல் ஓடிவந்தாள்.

"தாத்தா, காலையில நான் கணக்கே கேட்கல. அதுவாத் தட்டுச்சு. நான் எண்ணிட்டேன்."

"எத்தனை?"

"நாப்பத்தொண்ணு."

அவர் அவளுடைய வாயைப் பொத்தினார். அழுத்தமாகவே பொத்திவிட்டார். கையை எடுத்தபோது குழந்தையின் கன்னத்தில் நான்கு விரலும் பதிந்திருந்தது.

மருமகள் அதைப் பார்த்தாள். குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவள் ஏதோ கேட்க வாயெடுத்தபோது, அவள் முதுகுக்குப் பின்னால் சுவர் தட்டியது.

ஒரே ஒரு தடவை.

நாற்பத்திரண்டு.

"உள்ள ஏதோ இருக்கு," என்றாள் அவள். குரல் இறங்கிப் போயிருந்தது. "பூனையோ, குழாயோ, என்னவோ. நாளைக்கே உடைச்சுப் பார்த்துடணும்."

"கூடாது."

"ஏன் கூடாது?"

"நான் சொன்னா சொன்னதுதான். இந்த வீட்டுல என் வார்த்தைக்கு மேல..."

"பத்துக்குப் பத்து போட்ட சுவர்ல என்ன மாமா தட்டுது?"



மறுநாள் மகன் வேலைக்குப் போயிருந்தான். பேத்தி பள்ளிக்கூடத்தில். மருமகள் யாரையும் கூப்பிடவில்லை. பக்கத்து வீட்டில் கடப்பாரை வாங்கி வந்து, மேஜையை இழுத்துப் போட்டுவிட்டு, தானே இடிக்கத் தொடங்கினாள். நடுப்பகல். வீடு முழுக்க வெளிச்சம். பூச்சு பாளம் பாளமாக உதிர்ந்து, உள்ளே செங்கல் வரிசை தெரிந்தது.

பெரியவர் தன் அறைக்குப் போனார். பழைய பையைத் திறந்தார். சுத்தியல் இருந்தது. நாற்பது வருடத்தில் பிடி மூன்று முறை மாறியிருந்தது, இரும்பு அதேதான்.

திரும்பி வந்து அவள் பின்னால் நின்றார்.

அவளுக்குக் கேட்கவில்லை. வலது கையைத் தூக்கினார். மாடிப்படியில் தவறி விழுந்துவிட்டாள் என்று சொன்னால் நம்புவார்கள். முன்னேயும் நம்பினார்கள். பேத்தியின் தாய் அவள் என்ற நினைப்பு ஒருகணம் வந்தது. தகப்பனாரின் பெயர் அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

கை இறங்கத் தொடங்கியது.

செங்கல் ஒன்று உள்ளேயிருந்து தெறித்து வெளியே வந்து விழுந்தது.

அந்த ஓட்டை வழியாக ஒரு கை நீண்டது. முழங்கை வரை வெள்ளை. ஈரம் சொட்டும் வெள்ளை. அது மருமகளின் தோளுக்கு மேலே, அவளைத் தொடாமல் கடந்து வந்து, அவருடைய மணிக்கட்டைப் பிடித்தது.

இடது கை.

எலும்பு ஒடிந்த சத்தம் அவருக்கு முதலில் கேட்டது. வலி பிறகுதான் வந்தது. சுத்தியல் தரையில் விழுந்தது. ஒரே இழுப்பில் அவருடைய கை ஓட்டைக்குள் போயிற்று. முழங்கை போயிற்று. தோள் போயிற்று. செங்கல்லின் விளிம்பு சதையைக் கத்தி போலச் சீவியது. தான் பூசிய சுவரிலேயே அவர் முகம் மோதி மூக்கு உடைந்தது. மருமகள் திரும்பினாள், அலறினாள், அவர் இடுப்பைப் பிடித்து இழுத்தாள்.

உள்ளே, அவருடைய கையை எடுத்து அது சுவரில் அடிக்கத் தொடங்கியது.

ஒன்று.

விரல் முட்டிகள் நொறுங்கின.

இரண்டு. மூன்று.

அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக, ஒரு கணக்குப் பிசகாமல் அடித்தது. ரத்தம் ஓட்டையின் விளிம்பு வழியாக வழிந்து, உதிர்ந்த பூச்சில் ஊறியது. சுவரின் மறுபக்கம், அவர் காதுக்கு நேராக, யாரோ மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். இருபதுக்குப் பிறகு அவருக்குக் கையில் உணர்ச்சி இல்லை. சத்தம் மட்டும் கேட்டது. அது மாறிவிட்டிருந்தது. கெட்டியான சத்தமாக இல்லை. ஈரத்துணியை அறைவது போலிருந்தது.

நாற்பத்தொன்று.

விட்டுவிட்டது.

முழங்கைக்குக் கீழே மருத்துவர்கள் காப்பாற்ற ஒன்றும் மிச்சமில்லை. சுவரை முழுவதும் இடித்துப் பார்த்த போலீஸ்காரர்கள், உட்கார்ந்த நிலையில் ஒரு எலும்புக்கூட்டையும் துருப்பிடித்த கரணையையும் எடுத்தார்கள். எல்லா எலும்பும் இருந்தது. இடக்கை மட்டும் இல்லை. நாள் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் நிமிர்ந்து சாய்ந்திருந்த பெரியவரிடம் அதிகாரி கேட்டார்.

"எனக்குத் தெரியாது," என்றார் அவர்.

மறுநாள் காலை கட்டுப் பிரித்த நர்ஸ், வெட்டுண்ட கைக்கு மேலே ஐந்து வெள்ளை விரல் தடங்களைப் பார்த்தாள். மருந்துப் பொடி என்று நினைத்துத் துடைத்துவிட்டாள்.

மகன் வந்தான். தாடி வளர்ந்திருந்தது. "அப்பா, தெரிஞ்சதைச் சொல்லிடுங்கப்பா. நான் யார்கிட்டயும் தலையைக் காட்ட முடியல."

"நம்ம பரம்பரையில அப்படிப்பட்ட ஆள் கிடையாது. நீயும் நிமிர்ந்து நட."

அன்று சாயங்காலம் தடம் தோளில் இருந்தது.

மூன்றாவது நாள் மருமகள் வந்தாள். குழந்தையைக் கூட்டி வரவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரவும் இல்லை. பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் போர்வையின் மேல் வைத்தாள். அவர் கையெழுத்தில் பத்து.

"சுத்தியலோட என் பின்னாடி எதுக்கு மாமா நின்னீங்க?"

ஜன்னலில் வெயில் பளிச்சென்று இருந்தது. வார்டில் யாரோ இருமினார்கள். பெரியவர் கழுத்துப் பட்டனைத் தேடினார். நோயாளி உடையில் பட்டன் இல்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"உனக்கு உதவி பண்ணத்தான் வந்தேன். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது."

அவருடைய கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தவள், பார்வையைக் கொஞ்சம் கீழே இறக்கினாள். பிறகு, ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

"மாமா," என்றாள் மெதுவாக. "கழுத்துல என்ன?"

மிச்சமிருந்த கையால் அவர் தொண்டையைத் தடவினார். இடப்பக்கம் கட்டைவிரல். வலப்பக்கம் நான்கு விரல்.

தடவிய கையை முகத்துக்கு நேரே கொண்டுவந்து பார்த்தார். சுண்ணாம்பு இன்னும் காயவில்லை.