ஏழாம் நிறுத்தத்துக் கதவு

பழந்துறைக் கரையின் நுழைவாயிலில் நாக்கு வாடகைக்குக் கிடைக்கும். நாக்கு என்றால் நிஜ நாக்கு இல்லை. சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பட்டை. அதைத் தொண்டைக்குழியில் ஒட்டிக்கொண்டால் போதும், நீங்கள் எந்த ஊர்த் தமிழ் பேசினாலும் சரி, வெளியே வருவது முப்பது வருடத்துக்கு முன் இந்தக் கரையில் மீன் விற்றவர்கள் பேசிய தமிழ்தான். 'வட்டார வாய்' என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதற்கு நிற்கிற வரிசையைப் பார்க்க வேண்டுமே!

பத்மநாபன் ஒன்றை ஒட்டிக்கொண்டு, செருமிப் பார்த்தார்.

"இன்னா மாப்ள, சோக்கா கீதா?" என்றார். சொன்ன அவருக்கே சிரிப்புத் தாங்கவில்லை.

"ஐய, ரொம்ப ஷோக்கு காட்டாத நைனா!" என்றாள் அவர் மகள் ஷர்மதா. வேலைக்கு வருகிறவர்களிடம்கூட வார்த்தையை அளந்து பேசுகிற குடும்பம் அது.

ஷர்மதாவின் கணவன் வளவன் மட்டும் பட்டை வேண்டாம் என்றுவிட்டான். "தொண்டை சரியில்லை மாமா."

தொண்டையெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அதற்குள் வேறொன்றும் இருந்தது. பத்தொன்பது வயதில் வைத்துக்கொண்ட 'நாத்திருத்தி'. வாயைத் திறப்பதற்குள் அது வார்த்தையைப் பிடித்து, குளிப்பாட்டி, தலைவாரி அனுப்பும். 'இன்னா' என்று மனத்தில் எழுந்தது 'என்ன' என்று வெளியே வரும். அந்தக் காலத்தில் நேர்முகத் தேர்வுக்குப் போனவர்களில் பாதிப் பேர் வைத்துக்கொண்டார்கள். ஒரு தடவை வைத்தால் நரம்போடு நரம்பாக வளர்ந்துவிடும், எடுக்க முடியாது. எடுக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றியது?

வளவன் இதே கரையில், வலைக்காரக் குப்பத்தில், பச்சையம்மா என்கிற மீன்காரிக்குப் பிறந்தவன். மாமனார் வீட்டில் அவன் சொல்லியிருந்தது வேறு. அப்பா அம்மா இரண்டு பேரும் பெங்களூரில் கல்லூரி ஆசிரியர்கள், சின்ன வயதிலேயே விபத்தில் போய்விட்டார்கள். இப்போது இந்தக் கரைக்கு வருவதுதான் நகரத்தின் நாகரிகம். மூன்று தடவை ஏதேதோ காரணம் சொல்லித் தப்பித்தான். இன்று மாமனாரின் பிறந்தநாள், தப்ப முடியவில்லை.

இங்கே கூட்டிக்கொண்டு போக ஆள் கிடையாது. காதில் ஒரு செவித்துணையை மாட்டிக்கொண்டு, தரையில் ஓடும் நீலக்கோட்டைப் பிடித்துக்கொண்டு அவரவரே நடக்க வேண்டியதுதான். ஐஸ் பேக்டரி காபிக் கடையாகியிருந்தது. வலை பின்னிய கொட்டகையில் யோகா நடந்தது. ஐந்தாம் நிறுத்தத்தில் ஒரு குழாய் கருவாட்டு வாசனையை லேசாகப் பீய்ச்சியது. ஜனங்கள் கண்ணை மூடி இழுத்து இழுத்து அனுபவித்தார்கள். அந்த வாசனை போவதற்காகப் பள்ளிக்கூடம் கிளம்பும்போது சட்டையை மூன்று தடவை அலசியவன் வளவன். அவன் மூச்சை அடக்கிக்கொண்டு நடந்தான்.

ஏழாம் நிறுத்தத்தில் ஒரு பச்சை வீடு. சாத்திய கதவு.

"இங்கே வசித்தவர் பச்சையம்மா" என்றது செவித்துணை. "குப்பத்தை அகற்றுவதற்கு முன் இங்கிருந்தவர்களின் பேச்சை மாதக்கணக்கில் பதிவு செய்து குரல்மீதிகள் உருவாக்கப்பட்டன. உயிர் கிடையாது, ஆனால் கேட்டால் பதில் சொல்லும். பச்சையம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். அவருடைய மகன் வந்து, வழக்கமாகக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டால்தான் இந்தக் கதவு திறக்க வேண்டும். என்ன சொல்லிக் கூப்பிடுவான் என்பதைக் கருவிக்கு மட்டும் சொன்னார். இன்றுவரை திறக்கவில்லை. நீங்களும் முயன்று பார்க்கலாம்."

வளவன் இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

"யாருபா அது?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டது. "வெயில்ல நிக்காத. சாப்ட்டியா?"

அதே குரல். கடைசியாக அவன் அதைக் கேட்டு இருபத்தேழு வருடம். அவள் செத்த அன்று வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்லியனுப்பிவிட்டு, இதே நகரத்தில், பதினாறு கிலோமீட்டர் தள்ளி, அலுவலகக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தான்.

"இல்லம்மே, பசி உயிர் போவுது!" என்றார் பத்மநாபன் குஷியாக.

"செத்த இரு நைனா. எம்புள்ள வந்துரட்டும், ஒண்ணாத் துன்னலாம்."

ஷர்மதாவின் முகம் வாடிவிட்டது. "பாவம்பா. இன்னா புள்ளையோ அவன்! பெத்த தாயப் பாக்காம..." அவள் திரும்பி வளவனைப் பார்த்தாள். "இல்லீங்களா?"

"ஆமாம்" என்றான் வளவன். "என்ன பிள்ளையோ!"

சொல்லிவிட்டான். சொன்ன வாயை என்ன செய்வது? பத்தாம் நிறுத்தம் வரைக்கும் அவனால் நிமிர்ந்து யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. கண்ணாடியை மறந்து வைத்துவிட்டேன் என்று புளுகிவிட்டு, திரும்பி ஓட்டமும் நடையுமாக வந்தான்.

நல்லவேளை, பச்சைக் கதவு முன்னால் யாரும் இல்லை. எப்படிக் கூப்பிடுவான் என்று அவனுக்குத் தெரியாதா? புத்தகமும் கையுமாக இருந்ததால் அம்மா அவனைக் கலெக்டர் என்று கேலி செய்வாள். அவனும் தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வருவான்: எம்மோவ்! கலெக்டரு வந்துகீறேன், கதவத் தொற!

வாயைத் திறந்தான். நாத்திருத்தி தன் வேலையைச் சுத்தமாகச் செய்தது.

"அம்மா! ஆட்சியர் வந்திருக்கிறேன், கதவைத் திறங்கள்!"

"ஆபீசருங்களா?" பச்சையம்மாவின் குரல் பயந்து சுருங்கியது. "வூட்ட காலி பண்றோம் சார். எம்புள்ள வர்ற வரிக்கும் டயம் குடுங்க சார்."

சார்! பெற்றவள் வாயிலிருந்து. அவன் மறுபடியும் சொன்னான். பல்லைக் கடித்துக்கொண்டு, தொண்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். ஒவ்வொரு தடவையும் இன்னும் திருத்தமாக வந்தது.

"இன்னா மாப்ள, கண்ணாடின்னு சொல்ட்டு இங்க ஆட்டமா?" பின்னால் பத்மநாபன் நின்றார், பக்கத்தில் ஷர்மதா. "ஆனா நல்ல யோசனைபா. படிக்கிற புள்ளைய கலெக்டருன்னு கூப்டுவாங்கதான். ஆனா இப்டியா சொல்லுவான் குப்பத்துப் பையன்? நான் சொல்றேன், பாரு."

"மாமா, வேண்டாம்..."

"எம்மோவ்! கலெக்டரு வந்துகீறேன், கதவத் தொற!"

கதவு திறந்தது.

உள்ளே ஒரு பாய், ஒரு அன்னக்கூடை. அவ்வளவுதான். குரல் மட்டும் அறை முழுக்க இருந்தது.

"வந்துட்டியாடா! குந்து. ஒண்ணே ஒண்ணு சொல்லணும், அதுக்குத்தான் இத்தினி நாளா குந்தினுகீறேன். அன்னிக்கி ஒன் காலேஜுக்கு மீன் கொயம்பு எத்துகினு வந்தேனே, யாரு இதுன்னு தோஸ்துங்க கேட்டதுக்கு மீன்காரம்மான்னு சொன்ன. எனுக்குக் கேட்டுச்சுடா. கோவம்லாம் இல்ல. காலேஜு கேட்டு வாச்மேனாண்டயே நானும் மீன்காரின்னுதான் சொல்லிகினு உள்ள வந்தேன். ஒனுக்கு அசிங்கமாப் பூடக் கூடாதேன்னு. அத்த நெனச்சிகினு வராம இருந்துடாத. சோறு கீது, போட்டுத் துன்னு."

ஷர்மதா தேம்பி அழுதாள். பத்மநாபனும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "யாரு எழுதுனாங்களோ, பிச்சு ஒதறிட்டாங்கபா!" என்றார். மேலேயிருந்து ஒரு பறக்குங்கருவி இறங்கி வந்து அவர் சட்டையில் 'மண்ணின் மைந்தர்' என்ற வில்லையைக் குத்தியது. சுற்றிக் கூடிவிட்ட ஜனங்கள் கைதட்டினார்கள். வளவனும் தட்டினான். தட்டாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்களே!

அவர்கள் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே அவன் நழுவி நுழைவாயிலுக்கு வந்தான். நாத்திருத்தி வைத்தவர்கள் வட்டார வாய் போடலாமா என்று கேட்டான்.

"தாராளமா சார். உள்ள இருக்கிறத ஒரு மணி நேரம் அடக்கி வைக்கும்" என்றாள் கடைப்பெண். "முதல் தடவையா? கூச்சப்படாதீங்க, ரெண்டு வார்த்தை பேசினா பழகிடும்."

மாமனாரும் மனைவியும் காபிக் கடைக்குள் போகும்வரை மரத்துக்குப் பின்னால் காத்திருந்து, கதவின் முன்னால் போய் நின்றான். அது மறுபடி சாத்தியிருந்தது. இருபத்தெட்டு வருடத்துக்குப் பிறகு அவனுடைய பேச்சு அவன் வாயிலிருந்து வந்தது.

"எம்மோவ்! கலெக்டரு வந்துகீறேன், கதவத் தொற! நாந்தாம்மே, மெய்யாலுமே நாந்தான்!"

"யாருபா நீ?" என்றது குரல், நிம்மதியாக. "எம்புள்ள இப்பத்தான வந்துட்டுப் போனான். சொல்ல வேண்டியத சொல்ட்டேன். இனிமே ஒரு கொறையும் இல்ல." கொஞ்சம் பொறுத்து, அன்பாகவே கேட்டது: "வெயில்ல நிக்காத நைனா. ஒன்ன வூட்ல தேட மாட்டாங்க?"