கண்ணாடியில் தெரிந்த கை

அந்தக் கண்களை அவன் முதலில் கண்ணாடியில்தான் பார்த்தான்...

தூறல் விழுந்துகொண்டிருந்தது. பிக்கப் வண்டியின் சைடு மிரர் முழுக்க நீர்த்துளிகள். அவற்றுக்கு நடுவே இரண்டு கண்கள்... பெரிய, கறுத்த, கொஞ்சம் கோபம் கலந்த கண்கள். ஜம்புநாதன் கையிலிருந்த ஆரஞ்சுக் கொடி தானாகத் தாழ்ந்தது.

கண்மணி! அவன் மனைவி. பிரிந்து மூன்று வருடமாகிறது.

2008 ஏப்ரல். ஆஸ்டினுக்கு மேற்கே ஒரு பெரிய புல்வெளி. ஒரு குட்டி வீட்டையே வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள் வருடா வருடம் கூடும் ஆர்.வி. ராலி. வருகிற டிரெய்லர்களை வரிசையில் நிறுத்திக் கொடுக்கும் தொண்டர்களில் ஜம்புநாதனும் ஒருவன். சுகர் லேண்டிலிருந்து தனியாக வந்திருந்தான். இப்போது கண்மணி இழுத்து வந்திருந்த டிரெய்லர் இருவரும் ஆசை ஆசையாக வாங்கியது. பிரிந்தபோது அவளோடு டாலஸுக்குப் போய்விட்டது. அதன் பின் மூலையில், மரத்தில் இடித்து விழுந்த பள்ளம் இன்னும் அப்படியே இருந்தது.

ஆனால் இவள் எப்போது ஓட்டக் கற்றுக்கொண்டாள்? சேர்ந்திருந்தவரை ஸ்டியரிங் அவனுடைய சொத்து. பின்னால் நின்று கை காட்டுவதுதான் அவள் வேலை.

"கண்மணி... நீயா ஓட்டிட்டு வந்த?"

"இல்ல, வண்டி தானா வந்துச்சு."

"அதில்ல... ரிவர்ஸ் எடுக்கறப்போ ஸ்டியரிங்க மெதுவா..."

"அதெல்லாம் எனக்குத் தெரியும். நீங்க மிரர்ல தெரியற மாதிரி நில்லுங்க, போதும். நீங்க தெரியலைன்னா நான் நிறுத்திடுவேன்."

நீங்களாம்! காதலித்த நாளிலிருந்து 'நீ', 'வாடா', 'போடா' என்று பேசியவள். அந்த மரியாதை அவனைச் சுருக்கென்று தைத்தது.

அவன் கை காட்டினான். அவள் ஒரே தடவையில், ஒரு திருப்பலில், கோடு போட்டதுபோல் டிரெய்லரை நிறுத்தினாள். அவன் எப்போதும் மூன்று தடவையாவது முன்னும் பின்னும் போவான். பாராட்ட வேண்டும் என்று தோன்றியது... வாய்தான் வரவில்லை.

அதற்குள் குடையோடு ஓடி வந்தார் சேனாபதி அங்கிள். எண்ணெய்க் கம்பெனியில் எஞ்சினியராக இருந்து ரிட்டயர் ஆனவர். இந்த கிளப்பில் பார்க்கிங் தொண்டர்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர்.

"அடடே! கண்மணி பிஸி, வரமாட்டான்னு சொன்னியேப்பா... சர்ப்ரைஸா? ஜோடியா பாத்து எத்தனை நாளாச்சு!"

பிரிந்ததை அவனும் கிளப்பில் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. கேட்டால் 'ஆபீஸ்ல பிஸி அங்கிள்' என்று ஒரு சிரிப்பு. இந்த விஷயத்தில் மட்டும் இருவருக்கும் அப்படி ஒரு ஒற்றுமை.

"நாளைக்கு காலைல புதுசா டிரெய்லர் வாங்கினவங்களுக்கு ரிவர்ஸ் க்ளாஸ். நீங்க ரெண்டு பேரும்தான் செஞ்சு காட்டணும். நான் வழக்கம்போல அந்த மரத்துக் கதைய சொல்றேன். வருஷா வருஷம் சொல்றேன்... விழுந்து விழுந்து சிரிக்கறாங்கம்மா! 'கண்மணி மாதிரி கை தூக்க மறந்துடாதீங்க'ன்னு முடிப்பேன்."

அங்கிள் போய்விட்டார். கண்மணியின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க ஜம்புநாதனுக்குத் தைரியம் இல்லை.

2005-இல் நடந்தது அது. ஒரு ஏரிக்கரை, இதே கிளப், இதே ஆட்கள். அவன் ரிவர்ஸ் எடுக்க, அவள் பின்னால் நின்றாள். டிரெய்லர் போய் ஓக் மரத்தில் மோதியது. கீழே குதித்த ஜம்புநாதன், "ஏன் கை தூக்கி நிறுத்தச் சொல்லல?" என்று எல்லார் முன்னாலும் கத்தினான். "ரெண்டு கையையும் தூக்கினேனே ஜம்பு..." என்றாள் அவள். "தூக்கவே இல்ல" என்றான் அவன். அவ்வளவுதான். ஒரு மரம், ஒரு பள்ளம்... அதற்காகவா பிரிவார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அடுத்த இரண்டு மாதம் அந்த வீட்டில் இருந்த மௌனத்தைக் கேட்டிருந்தால், கேட்க மாட்டீர்கள்.

சாயங்காலம் மழை வலுத்தது. டிரெய்லர் வாசலில் நின்றவனை அவள் உள்ளே கூப்பிட்டாள். நனைகிறவனை விரட்டும் அளவுக்கு அவள் மனசு கல்லாகவில்லை. இஞ்சி தட்டிப் போட்ட டீயை அவன் முன்னால் வைத்தாள். சர்க்கரை சரியாக இருந்தது.

"இத விக்கத்தான் வந்தேன். ஒரு சின்ன வயசு ஜோடி வாங்கிக்கறாங்க. நாளைக்கு மத்தியானம் சாவி குடுத்துடுவேன். எனக்கு நியூ ஜெர்சில வேலை கெடச்சிருக்கு... மான்மவுத் ஜங்ஷன்ல வீடு பாத்தாச்சு. அங்க இத நிறுத்த விடமாட்டாங்க."

"ஓ..."

"போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னிக்கி நான் கை தூக்கினேனா, இல்லியா? எல்லாரும் சொல்லிச் சொல்லி... எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ராத்திரில முழிப்பு வந்தா அதத்தான் நெனைச்சுப் பாக்கறேன். எனக்குப் புத்தி கித்தி கலங்கிடுச்சோன்னு பயமா இருக்கு..."

அவள் கண்கள் கெஞ்சின. கண்மணி கெஞ்சி அவன் பார்த்ததே இல்லை.

சொல்லித் தொலையேன் மடையா! ஒரு வார்த்தைதானே?

"டீ நல்லா இருக்கு" என்றான் ஜம்புநாதன். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு மழையில் இறங்கி நடந்தான். மோட்டல் அறையில் தூங்காமல் கிடந்தான். தன்மேல் அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

காலையில் மேகம் விலகிப் பளிச்சென்று வெயில். புல்லெல்லாம் நீலப்பூ. புதிய ஜோடிகள் அரைவட்டமாக நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் காபிக் கோப்பைகளோடு கிளப்பின் பழைய ஆட்கள். கண்மணி ஸ்டியரிங்கில் இருந்தாள். சேனாபதி அங்கிள் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். ஏரி வந்தது, மரம் வந்தது... கூட்டம் சிரிக்கத் தயாராகிவிட்டது.

"அங்கிள், ஒரு நிமிஷம்" என்று ஜம்புநாதன் முன்னால் வந்தான். பிறகு ஆங்கிலத்தில், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். அவள் கை தூக்கினாள். இரண்டு கையும். நான் கண்ணாடியில் பார்த்தேன். இன்னும் இடம் இருக்கிறது, இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்து வண்டியை விட்டேன். அப்புறம் பொய் சொன்னேன். என் மனைவி எதையும் மறக்கவில்லை.

ஒருவரும் சிரிக்கவில்லை. அங்கிள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிக்கப்பின் மிரரில் அந்தக் கண்கள் நிறைந்து வழிந்தன...

வகுப்பு கலைந்த பிறகு அவள் டிரெய்லரின் பின்பக்கம் நின்றிருந்தாள். அவன் தயங்கித் தயங்கிப் போனான்.

"ஏன்டா அன்னிக்கே சொல்லல?"

"அவ்ளோ பேர் நின்னாங்க, கண்மணி..."

"இன்னிக்கும்தான் நின்னாங்க." அவள் மூக்கை உறிஞ்சினாள். "ஊர் முன்னாடி சொல்லணும்னு நான் கேட்டேனா? வீட்டுக்கு வந்து கிச்சன்ல சொல்லியிருக்கலாம். ராத்திரி லைட் அணைச்சப்புறம் சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியாம, என் காதுல மட்டும்... அது போதுமா இருந்துச்சுடா எனக்கு."

அவனுக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை.

"தப்பு பண்ணிட்டேன். உன்னை விட்டா எனக்கு யாரும் இல்ல. உன்னைக் காதலிச்ச அளவுக்கு நான் எதையும்... போகாத கண்மணி. ப்ளீஸ்."

அவள் டிரெய்லரின் மூலையில் இருந்த பள்ளத்தை விரலால் தடவினாள்.

"எனக்கும் உன்னை இன்னும் பிடிக்குது. பிடிக்காம போயிருந்தா எவ்ளோ ஈஸியா இருந்திருக்கும் தெரியுமா? ஆனா இனிமே நீ என்ன சொன்னாலும்... நெஜமா பொய்யான்னு உள்ளுக்குள்ள ஒரு தடவை யோசிப்பேன். 'சாப்பிட்டேன்'னு நீ சொன்னாக்கூட யோசிப்பேன். அப்படி ஒரு பொண்டாட்டியோட உன்னால வாழ முடியாது ஜம்பு. என்னாலயும் முடியாது."

மத்தியானம் அந்தச் சின்ன ஜோடி வந்தது. சாவி கை மாறியது. டிரெய்லரை அவர்கள் வண்டியில் மாட்டிக்கொடுத்தான் ஜம்புநாதன். அந்தப் பெண் ஏதோ கேலி சொல்ல, அவள் புருஷன் சிரித்தபடி கியரைப் போட்டான். அவர்கள் போன பிறகு, புல் நசுங்கிக் கிடந்த இடத்தில் இருவரும் சும்மா நின்றார்கள். பிறகு கண்மணி பிக்கப்பில் ஏறினாள்.

"போய்ச் சேந்ததும் ஒரு ஃபோன் பண்றியா?"

"பாக்கறேன்..."

வண்டி கேட்டைத் தாண்டித் திரும்பியது. பண்ணுவாளா... மாட்டாளா... அவனுக்குத் தெரியவில்லை. பண்ணாவிட்டால், பழி போட இந்த முறை அவனுக்கு யாரும் இல்லை.