ஆணைக்கு முன் வெட்டிய குழி

"ஏட்டையா, என் குழியைக் காப்பாத்திக் குடுங்க" என்று வந்து நின்றாள் மில்லுக்காரி.

மில் வேலையை உதறிவிட்டு நிலம் வாங்கி, இரண்டாம் வெள்ளாமையில் இருப்பவள். புதிதாக உழவுக்கு வருகிறவர்கள் பண்ணைக்குட்டை வெட்டினால் பாதிச் செலவை அரசு தரும். ஆனால் ஒப்புதல் ஆணை வருமுன் மண்ணில் கை வைக்கக் கூடாது. அவள் முந்திக்கொண்டு வெட்டிவிட்டதாகப் புகார். விசாரிக்க அதிகாரி மதியம் வருகிறார். மானியம் போனால் நிலத்தை விற்றுத்தான் பொக்லைன்காரருக்குக் கூலி தர வேண்டும்.

"புகார் யாரு?" என்றார் ஓய்வுபெற்ற ஏட்டையா.

"பக்கத்துக் காட்டு அண்ணன். சோளம் ஆளுயரம் நின்னப்பவே வெட்டினதைக் கண்ணால பாத்தாராம்."

ஏட்டையாவின் மருமகன் துள்ளி எழுந்தான். "மாமா, ஆளை நாலு தட்டு தட்டினா உண்மை உதிர்ந்திரும்."

"முதல்ல உன் ஆட்டோவைத் தட்டிக் கிளப்பு."

காட்டில் எல்லாரும் குழியை எட்டிப் பார்த்தார்கள். ஏட்டையா அதன் பக்கமே போகவில்லை. வெட்டிய மண் மலைபோல் குவிந்திருந்த மேட்டை இரண்டு முறை சுற்றி வந்தார். அதற்குள் அதிகாரியும் பக்கத்துக் காட்டுக்காரரும் வந்துவிட்டார்கள்.

"சோளத்தை எப்போ அறுத்தாங்க அண்ணாச்சி?" என்று பக்கத்துக் காட்டுக்காரரைக் கேட்டார் ஏட்டையா.

"ஆர்டர் வந்த அடுத்த வாரம். அறுத்ததே என் மிஷின்தான்."

"குழி மண்ணை?"

"அதுக்கு முன்னாடியே இங்க கொட்டிட்டாங்க. பாத்துக்கிட்டேதானே இருந்தேன்!"

ஏட்டையா மருமகனிடம் மண்வெட்டியைக் கொடுத்தார். "மேட்டோட அடியைத் தோண்டு."

அவன் வியர்வை சொட்டத் தோண்டினான். அடியில் சோளக் கட்டைகள் தெரிந்தன. வரிசை பிசகாமல், ஒரே மட்டத்தில் வெட்டுப்பட்டு நின்றன.

"நின்ன பயிர்மேல மண்ணைக் கொட்டியிருந்தா, கதிரும் தட்டையுமா நசுங்கிக் கிடக்கணும். இது மிஷின் அறுத்த கட்டை. அண்ணாச்சி, உங்க மிஷின் மேட்டுக்கு அடியில எப்படிப் புகுந்துச்சு?"

அதிகாரி குறுக்கிட்டார். "மண்ணை அப்புறமா இங்க நகர்த்தியிருந்தா?"

"கலந்திருக்கும் சார். பாருங்க, முதல்ல வெட்டின மேல்மண் கறுப்பா அடியில இருக்கு. ஆழத்து மஞ்சள் மண் அதுக்கு மேல. கொட்டினது கொட்டினபடியே கிடக்கு. அறுப்பு முடிஞ்ச பிறகுதான் குழி. அறுப்புக்கு முன்னாடியே ஆர்டர் வந்தாச்சு."

அதிகாரி குனிந்து ஒரு கட்டையைப் பிடுங்கிப் பார்த்தார். "புகார் தள்ளுபடி. மானியத்துக்கு நான் எழுதறேன்."

பக்கத்துக் காட்டுக்காரர் செருப்பு நுனியால் மண்ணைக் கிளறினார். "என்னிக்கிருந்தாலும் மில்லுக்கே திரும்பிப் போகப்போறவ. அன்னிக்கு நிலத்தை எனக்குத்தானே விப்பான்னு..."

மில்லுக்காரி மருமகனிடமிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"தள்ளி நில்லுங்கண்ணே. மழைக்கு முன்னாடி கரை கட்டணும்."