இடோனியின் ஜன்னல்

"சாப்பாடு கொண்டு வர்றவங்க வரலைன்னா, அந்த அம்மா என்ன பண்ணுவாங்க?"

ஆக்ஸ்லோ தேவாலயத்தைப் பார்க்க வந்த பள்ளிப் பிள்ளைகளில் ஒருத்தி, சுவரிலிருந்த சிறு ஜன்னலைக் காட்டி அப்படிக் கேட்டாள். "நம்ம ஊர்க்காரங்க அப்படி விட்டுடுவாங்களா, கண்ணு?" என்று, அவர்களுக்குச் சுற்றிக் காட்டிய ஹெஸ்டர் சிரித்தாள்.

ஊரின் பெருமக்களைப் பற்றிச் சிறு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தாள் ஹெஸ்டர். ஒரு கடற்படைத் தளபதி, ரோஜா வளர்த்துப் பேர் வாங்கிய ஒரு பாதிரியார், எல்லோருக்கும் முன்னால் இடோனி. பல நூறு ஆண்டுகளுக்கு முன், சாகும்வரை ஜெபிக்கவென்று தேவாலயச் சுவரை ஒட்டிய சிற்றறைக்குள் போய், வாசலைக் கல் வைத்து அடைக்கச் சொன்னவள். ஊரார் கையகல ஜன்னல் வழியே உணவு கொடுத்தார்கள். கொள்ளைநோய் வந்தபோது ஊர் காலியானது. 'ஜெபத்திலேயே உயிர் நீத்தாள்' என்று ஹெஸ்டர் எழுதி வைத்திருந்தாள்.

பின்னாளில் யாரோ அந்த அறைக்குக் கதவு வைத்தார்கள். இப்போது அங்கே கோயில்காவலர் ஏமஸின் துடைப்பங்கள் கிடந்தன.

மழை பெய்த ஒரு பிற்பகலில் ஹெஸ்டர் அந்த அறையைப் பார்க்கப் போனாள்.

"கதவு மழையில ஊறிக் கிடக்கு, சாத்திடாதீங்கம்மா. அப்புறம் உங்களையும் புத்தகத்துல சேர்க்க வேண்டி வரும்," என்று சொல்லிவிட்டு ஏமஸ் தேநீர் குடிக்கப் போனார்.

காற்று கதவை அறைந்து சாத்தியது.

இழுத்தாள். தோளால் இடித்தாள். அசையவில்லை. கூப்பிட்ட குரலை மழை விழுங்கியது. போன் காரில் இருந்தது.

ஈரக் கல்லின் வாடை. அதற்கடியில், பட்டினி கிடப்பவர் வாயிலிருந்து வரும் புளித்த வாடை.

ஜன்னலுக்குக் கீழே சுவரைத் தடவினாள். நீளநீளமான கீறல்கள். அவளுடைய விரல்கள் அவற்றில் சரியாகப் பொருந்தின.

இது ஜெபித்த கை இல்லை.

ஜன்னல் வெளிச்சம் மறைந்தது. அவளுக்கும் ஜன்னலுக்கும் நடுவே யாரோ நின்றார்கள்.

"கொண்டு வந்தியா?"

ஹெஸ்டர் கதவோடு முதுகை ஒட்டிக்கொண்டாள்.

"இல்லம்மா. என்னை வெளியே விடு. போய்க் கொண்டு வர்றேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க."

மூச்சு முகத்தில் பட்டது. ஹெஸ்டர் முழந்தாளிட்டாள். தப்பிக்க வேண்டும் என்பதைக்கூட ஒரு கணம் மறந்து அழுதாள்.

"பசியோட விட்டுட்டோம். உன்னைப் பெருமையா எழுதிட்டேன், பசியை எழுதலை. மன்னிச்சிரும்மா."

முகத்தில் பட்ட மூச்சு விலகியது. பிறகு கதவு மெல்லத் திறந்தது.

வெளியே ஏமஸ் கதவுக்கு எதிரிலேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "யார்கூடம்மா பேசினீங்க? கதவு நான் வந்ததுலேர்ந்து திறந்துதானே இருக்கு!"

ஹெஸ்டர் வீட்டுக்குப் போய் ரொட்டி சுட்டாள். ஏமஸ் கிளம்பும் நேரம் வரை காத்திருந்தாள். பிறகு அந்தி மயங்கும் நேரத்தில், அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியில் வெண்ணெய் தடவித் துணியில் சுற்றிக்கொண்டு தனியாக வந்தாள். கல்லறைத் தோட்டத்தில் ஒருவரும் இல்லை. சொன்னபடி அவள் திரும்பி வராமல் இருந்திருந்தால், ஏன் என்று கேட்கவும் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

வெளிச்சுவர் ஜன்னலுக்குள் கையை நீட்டினாள்.

ரொட்டியின் கனம் கையிலிருந்து போனது.

உள்ளே யாரோ நிதானமாக மென்றார்கள். பிறகு, குளிர்ந்த விரல்கள் அவள் மணிக்கட்டைப் பற்றின.

"நாளைக்கு?"

"வர்றேம்மா," என்றாள் ஹெஸ்டர்.

அதன் பிறகுதான் அவை விட்டன.